தெரிந்த விலகல்

பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம்

பல வீடுகளில் கூடத்துக் கடிகாரத்தை வேண்டுமென்றே பத்து நிமிடம் முன்னால் வைத்திருப்பார்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது தெரியும். எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், கடிகாரம் எட்டு இருபது காட்டினாலும் பதறுவதில்லை. இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று நிதானமாகச் செருப்பை மாட்டுவார். இப்போது இன்னொரு கடிகாரத்தை நினைத்துக்கொள்வோம். அது ஒரு நாள் மூன்று நிமிடம் முந்தும், மறுநாள் நான்கு நிமிடம் பிந்தும், சில நாள் சரியாகவே இருக்கும். எந்த நாளில் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழையின் அளவைப் பார்த்தால் இரண்டாவது கடிகாரம்தான் மேல். அது ஒருபோதும் பத்து நிமிடம் தவறுவதில்லை. ஆனாலும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் முதல் கடிகாரத்தைத்தான் நம்புவார். அதிகமாகத் தவறும் கருவியை நம்புகிறோம், குறைவாகத் தவறுவதை நம்ப மறுக்கிறோம். இது வெறும் பழக்கமா, இதில் நியாயம் இருக்கிறதா?

நியாயம் இருக்கிறது. அளவைக் கலையின் பெரும்பகுதி அந்த நியாயத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு பிழை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எவ்வளவு என்று நமக்குத் தெரியுமா என்பதே முக்கியம். ஓர் ஆதாரப் புள்ளியிலிருந்து இவ்வளவு தூரம், இந்தத் திசையில் என்று தெரிந்துவிட்ட விலகலைக் கழித்துவிடலாம். கழித்த பிறகு அது பிழையே இல்லை. கடைசல் பட்டறையிலும் நில அளவையிலும் நேரக் கணக்கிலும் கரிமச் சந்தையிலும் ‘ஆஃப்செட்’ என்று சொல்லப்படுவது இந்த விலகலும் அதை ஈடுகட்டும் முறையும்தான். இந்த அத்தியாயத்தில் அதை நிலைவிலகல் என்று அழைப்போம். இது எங்கே நம்பத் தகுந்தது, எங்கே நம்மை ஏமாற்றும் என்பதே இங்கு கேள்வி.

பூஜ்யத்தை மட்டும் பார்த்தால் போதாது

இரண்டு எடை இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். முதல் இயந்திரத்தின் தட்டில் ஒன்றும் வைக்காதபோதே 200 கிராம் காட்டுகிறது. ஒரு கிலோ படிக்கல்லை வைத்தால் 1.2 கிலோ, பத்து கிலோவை வைத்தால் 10.2 கிலோ. இரண்டாவது இயந்திரம் காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறது. ஒரு கிலோவுக்கு 1.02, பத்து கிலோவுக்கு 10.2. பத்து கிலோ படிக்கல்லை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டிலும் 200 கிராமைக் கழித்தால் போதும் என்று முடிவு செய்துவிடுவார். அந்த முடிவோடு இரண்டாவது இயந்திரத்தில் ஒரு கிலோ பருப்பை நிறுத்தால், கணக்கில் வருவது 820 கிராம்தான். முதல் இயந்திரத்தின் பிழை எல்லா எடைக்கும் ஒன்றே, அது நிலைவிலகல். இரண்டாவதன் பிழை எடையோடு சேர்ந்து வளர்வது. அதை விகிதப் பிழை எனலாம்.

கடையில் நிறுப்பதற்கு முன் எண் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் நல்ல பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பார்வை முதல் வகைப் பிழையைத்தான் பிடிக்கும். இரண்டாவது இயந்திரம் அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். அதனால்தான் எடைகளைச் சோதிப்பவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட படிக்கற்களை வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு விலகலை நிலையானது என்று சொல்வதற்குக் குறைந்தது இரண்டு இடங்களில் அதை அளந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு எல்லா இடத்துக்கும் கழிப்பது அளவை ஆகாது, ஊகம்தான்.

பிந்தும் கடிகாரத்தோடு ஜமைக்காவுக்கு

நிலையாக இல்லாமல் வளர்ந்துகொண்டே போகும் பிழையைக்கூடக் கழிக்க முடியும், அது எந்த வேகத்தில் வளர்கிறது என்பது தெரிந்தால். இதற்கு வரலாற்றில் அழகான சான்று ஒன்று இருக்கிறது. நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று அறிய, புறப்பட்ட துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது. ஆகவே கப்பலின் உச்சிவேளைக்கும் துறைமுக நேரத்துக்கும் உள்ள இடைவெளியே தூரத்தைச் சொல்லிவிடும். இங்கிலாந்தின் தச்சரும் கடிகாரக் கைவினைஞருமான ஜான் ஹாரிசன் செய்த நான்காவது கடற்கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. அது நாளொன்றுக்கு 2⅔ விநாடி பிந்தும் என்று கணக்கில் கொள்ளப்பட்டிருந்தது. 81 நாளில் அது 216 விநாடி, அதாவது மூன்றரை நிமிடத்துக்கும் மேல். அதைக் கழிக்காமல் நம்பியிருந்தால் கப்பலின் இருப்பிடம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். கழித்த பிறகு மிஞ்சிய பிழை ஐந்து விநாடி. தூரக் கணக்கில் அது இரண்டு கிலோமீட்டர் சொச்சம்.

பின்னாளில் மாலுமிகள் இதை ஒரு நெறியாகவே ஆக்கிக்கொண்டார்கள். கடற்கடிகாரத்தின் முள்ளைத் திருத்த மாட்டார்கள். தினமும் சாவி கொடுத்து, இவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதைப் பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். துறைமுகத்தில் நேரக் குறி கிடைக்கும்போது ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவைப் புதுப்பிப்பார்கள். தவறு என்று தெரிந்த முள்ளை அப்படியே விடுவது முதலில் விநோதமாகத் தோன்றும். ஆனால் முள்ளைத் தொட்டுத் திருப்பினால் இயந்திரத்தின் பழகிய ஓட்டம் கலையலாம். அப்போது தெரிந்த பிழை போய், தெரியாத பிழை வந்து உட்காரும். அந்த மாற்றம் லாபமானது அல்ல.

ஒரு நாட்டின் படம் நாலரை கிலோமீட்டர் நகர்ந்திருந்தது

இதே தருக்கம் மிகப் பெரிய அளவில் நடந்தேறிய இடம் சென்னை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகத்தை அமைத்தது. அதன் முக்கிய வேலைகளில் ஒன்று, கிரீனிச்சிலிருந்து சென்னை எத்தனை பாகை கிழக்கே இருக்கிறது என்று தீர்மானிப்பது. தந்தி வராத காலம் அது. லண்டனுக்கும் சென்னைக்கும் பொதுவான ஒரு கடிகாரம் வேண்டும். வானில் அப்படி ஒன்று உண்டு: வியாழனின் நிலாக்கள் அதன் நிழலுக்குள் புகுந்து மறைவது. அந்த மறைவை இரண்டு ஊர்களில் பார்ப்பவர்களும் தங்கள் தங்கள் உள்ளூர் நேரத்தைக் குறித்துக்கொண்டால், இரண்டு நேரங்களின் வித்தியாசம் தீர்க்கரேகை வித்தியாசத்தைத் தரும். வானாய்வகத்தை நடத்திய ஜான் கோல்டிங்ஹாம் இம்முறையில் பல ஆண்டுப் பதிவுகளைத் திரட்டி, சென்னையின் தீர்க்கரேகையை 80 பாகை 17 நிமிடத்துக்குச் சற்று மேல் என்று கணித்தார்.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. நிலா விளக்கை அணைத்தாற்போல் மறைவதில்லை; சிறிது சிறிதாக மங்கிப் போகிறது. எந்தக் கணத்தில் அது ‘மறைந்தது’ என்பது பார்ப்பவரின் கண்ணையும் தொலைநோக்கியின் திறனையும் வானத்தின் தெளிவையும் பொறுத்தது. சில விநாடி முன்பின் ஆவது இயல்பு. ஆனால் பத்து விநாடி தவறினால் தீர்க்கரேகையில் இரண்டரை நிமிடப் பாகை தவறும். சென்னையின் அட்சரேகையில் அது சுமார் நாலரை கிலோமீட்டர். கோல்டிங்ஹாமின் மதிப்பு ஏறக்குறைய அந்த அளவுக்கே கிழக்கே தள்ளி இருந்தது. கடலடித் தந்திக் கம்பிகள் வந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிரீனிச் நேரத்தை மின்குறியாகவே அனுப்பி ஒப்பிட முடிந்தது. அப்போது வானாய்வகத்தின் தீர்க்கரேகை 80 பாகை 14 நிமிடம் 51 விநாடி என்றானது.

இதற்கிடையில் என்ன நடந்திருந்தது? 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து மாபெரும் முக்கோண அளவைக்குத் தொடக்கமிட்டார். குன்றிலிருந்து குன்றுக்கு, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குக் கோணங்களை அளந்து முக்கோணங்களைப் பின்னிக்கொண்டே போனது அந்த அளவை. அதில் வந்த ஊர்களின் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தின் மதிப்பை ஆதாரமாக வைத்துக் கணிக்கப்பட்டன. ஆகவே ஆதாரத்தில் இருந்த இரண்டரை நிமிடம் எல்லா ஊர்களிலும் ஏறிக்கொண்டது. தோராய எண்களில் பார்ப்போம். சென்னை 80 பாகை 15 நிமிடம், பெங்களூரு 77 பாகை 35 நிமிடம். வித்தியாசம் 2 பாகை 40 நிமிடம். பழைய கணக்கில் சென்னை 80 பாகை 17½ நிமிடம், பெங்களூரு 77 பாகை 37½ நிமிடம். வித்தியாசம் அதே 2 பாகை 40 நிமிடம். இரண்டு ஊருக்கும் நடுவே சாலை போடுபவருக்கு, ஆற்றின் மேல் பாலம் கட்டுபவருக்கு, மாவட்ட எல்லை வரைபவருக்கு அந்தப் படத்தில் ஒரு குறையும் இல்லை. முழுப் படமும் சேர்ந்தே நகர்ந்திருந்ததால் உள்ளுக்குள் எதுவும் கோணவில்லை.

சரியான மதிப்பு தெரிய வந்தபோது இந்தியாவை மறுபடி அளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய நில அளவைப் படங்கள் சிலவற்றின் ஓரத்தில் ஒரு குறிப்பு அச்சாகியிருப்பதைக் காணலாம்: தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தின் இன்ன மதிப்பை ஆதாரமாகக் கொண்டவை, புதிய மதிப்புக்கு மாற்ற இவ்வளவு கழிக்க வேண்டும் என்று. பல்லாண்டு உழைப்பின் பிழை அந்த ஒரு வரியில் தீர்ந்தது. அதைச் சாத்தியமாக்கியது கணித்தவர்களின் துல்லியம் மட்டும் அல்ல. எந்த ஆதாரத்திலிருந்து, என்ன மதிப்பை வைத்துக் கணித்தோம் என்று அவர்கள் எழுதிவைத்த நேர்மைக்கும் அதில் சமபங்கு உண்டு. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், நாலரை கிலோமீட்டர் யாருக்கும் தெரியாமல் படத்துக்குள்ளேயே கிடந்திருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. அந்தக் காலத்து அளவையர்கள் பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொண்ட கணித உருவம் இன்று செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் உருவத்திலிருந்து வேறுபட்டது. அதனால் வரும் வித்தியாசம் ஊருக்கு ஊர் மாறும். பழைய படத்தை இன்றைய கைபேசி வரைபடத்தோடு பொருத்த ஒரே எண்ணைக் கழித்தால் போதாது. தீர்க்கரேகைப் பிழை நிலைவிலகல். உருவப் பிழை அப்படி இல்லை. ஒரே படத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கும்போது முதலில் அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

நம் அன்றாட நேரமும் இதே கணக்குதான். இந்திய நேரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. 82½ பாகையை ஆதாரமாகக் கொண்டது. சென்னை அதற்கு இரண்டேகால் பாகை மேற்கே இருப்பதால் சூரியக் கணக்கில் ஒன்பது நிமிடம் பின்தங்கியிருக்கிறது. 1906-இல் இந்திய நேரம் வருவதற்கு முன் ரயில்கள் சென்னை நேரத்தைத்தான் பின்பற்றின. சூரியனோடு சரியாகப் பொருந்தும் நேரத்தை ஒவ்வோர் ஊரும் விட்டுக்கொடுத்து, எல்லோருக்கும் தெரிந்த ஒரு விலகலை ஏற்றுக்கொண்டது. ரயில் அட்டவணை அதனால்தான் எளிதானது.

கல்லும் கோடும்

நிலம் வாங்கியவர்கள் கையில் புலப்படம் இருக்கும். அதில் சர்வே கற்களை இணைக்கும் நேர்கோடுகளும், அந்தக் கோட்டிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செங்குத்தாக எடுத்த சிறு அளவுகளும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தச் செங்குத்து அளவைச் சர்வேயர்கள் ஆஃப்செட் என்பார்கள். வரப்பு வளைந்து நெளிந்து போகும். அதை நேரடியாக அளப்பது கடினம். அதனால் அசையாத ஒரு நேர்கோட்டை நிறுவி, அதிலிருந்து வரப்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் எழுதுகிறார்கள்.

இந்த விலகல் குறுகியதாக இருக்க வேண்டும் என்பது அளவைக்காரர்களின் பழைய விதி. காரணம் எளிது. செங்கோணம் என்று நினைத்து எடுத்தது மூன்று பாகை பிசகினால், ஐந்து மீட்டர் அளவின் நுனி 26 சென்டிமீட்டர்தான் பக்கவாட்டில் நகரும். அதே பிசகு ஐம்பது மீட்டரில் இரண்டரை மீட்டருக்கும் மேல் ஆகிவிடும். இரண்டு பேருக்கு இடையே வழக்கு வர அது போதும். ஆதாரத்தை விட்டு எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு ஆபத்து. ஆதாரக் கல்லையே யாராவது பிடுங்கிப் போட்டுவிட்டால் புலப்படத்தில் உள்ள அத்தனை எண்களும் சரியாக இருந்தும் பயனில்லை. எங்கிருந்து அளப்பது?

பிழையையே சரிசெய்துவிடலாமே?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். விலகலை எழுதிவைத்துக் கழித்துக்கொண்டே இருப்பது சோம்பேறித்தனம், கருவியையே செப்பனிடுவதுதானே பொறியியல் என்று கேட்கலாம். கோயம்புத்தூரின் கடைசல் பட்டறைகளில் கணினியால் இயங்கும் இயந்திரங்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு வேண்டும். கடைந்ததை மைக்ரோமீட்டரில் அளந்தால் 25.04 வருகிறது, வெட்டும் முனை சற்றுத் தேய்ந்திருக்கிறது. இயக்குபவர் முனையைக் கழற்றுவதில்லை. திரையில் ஆஃப்செட் பக்கத்துக்குப் போய் 0.04 குறைத்துப் போடுகிறார். அடுத்த தண்டு சரியாக வரும். முனையைக் கழற்றிப் புதியதை மாட்டியிருந்தால் அது உட்காரும் இடமே சில மைக்ரான் மாறியிருக்கும். முதலிலிருந்து அளந்து தொடங்க வேண்டும். கடற்கடிகாரத்தின் முள்ளைத் தொடாதது போலத்தான் இதுவும்.

ஆனால் ஆட்சேபத்தில் உண்மை இல்லாமல் இல்லை. முனை தேய்ந்துகொண்டே இருக்கும். இன்று போட்ட எண் நாளை பொருந்தாது. ஆகவே சில தண்டுகளுக்கு ஒருமுறை அளந்து எண்ணைப் புதுப்பிக்கிறார்கள். ஓர் எல்லைக்கு மேல் தேய்ந்தால் விட்டம் சரியாக வந்தாலும் பரப்பு சொரசொரப்பாகிவிடும்; அப்போது எந்த எண்ணும் உதவாது, முனையை மாற்றத்தான் வேண்டும். நிலைவிலகல் ஒரு பரிமாணத்தைத் திருத்தும். பொருளின் மற்ற குணங்களை அது தொடுவதில்லை. இதைப் பட்டறைக்காரர்கள் கையாலேயே அறிந்திருக்கிறார்கள். கரிமச் சந்தை அறிந்திருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.

இல்லாத ஆதாரத்திலிருந்து கழித்தல்

ஒரு நிறுவனம் நூறு டன் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. வேறெங்கோ ஒரு காட்டைக் காப்பதற்கு அல்லது காற்றாலை அமைப்பதற்குப் பணம் கொடுத்து, அதனால் நூறு டன் தவிர்க்கப்பட்டது என்று சான்று வாங்கிக்கொள்கிறது. நூறில் நூறு போனால் பூஜ்யம். கார்பன் ஆஃப்செட் எனப்படும் இந்தக் கணக்கு, மேலே பார்த்த கழித்தலைப் போலவே தோன்றுகிறது. ஆனால் ஆதாரப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்டால் வித்தியாசம் புரியும். எடை இயந்திரத்துக்குப் படிக்கல் இருந்தது, புலத்துக்குக் கல் இருந்தது, சென்னைக்குத் தந்திக் குறி வந்தது. இங்கே ஆதாரம் என்பது ‘பணம் கொடுக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு மரம் வெட்டப்பட்டிருக்கும்’ என்ற, நடக்காமல் போன ஒரு நிகழ்வு. அதை யாரும் அளக்க முடியாது, ஊகிக்கலாம். ஊகம் எவ்வளவு இருண்டதோ, அவ்வளவு சான்றுகள் கிடைக்கும். விற்பவருக்கும் அது லாபம், வாங்குபவருக்கும் அது மலிவு. உண்மையான எண்ணுக்காக வாதாடச் சந்தைக்குள் ஆள் இல்லை.

இது வெறும் தத்துவக் குறை என்று தள்ளிவிட முடியாது. 1997-இன் கியோட்டோ உடன்படிக்கையில் பிறந்த தூய்மை வளர்ச்சித் திட்டம் வளரும் நாடுகளில் நடக்கும் குறைப்புகளுக்குச் சான்று வழங்கியது. குளிர்பதன வாயு தயாரிக்கும் ஆலைகளில் எச்எஃப்சி-23 என்ற துணைப்பொருள் உருவாகும். அதன் ஒரு டன் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று அப்போது கணக்கிடப்பட்டது. அதை எரித்து அழிக்க அதிகச் செலவில்லை. சான்றுகளுக்கோ நல்ல விலை. விளைவு, கழிவை அழிப்பதில் வரும் வருமானம் கழிவை உண்டாக்குவதற்கே தூண்டுதலானது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையில் இந்தச் சான்றுகளை ஏற்பதை நிறுத்தியது. இந்தியக் காற்றாலைகள் பலவும் அதே திட்டத்தில் பதிவாயின. அங்கே கேள்வி வேறு: சான்றுப் பணம் இல்லாவிட்டாலும் அந்தக் காற்றாலை எழுந்திருக்குமா? எழுந்திருக்கும் என்றால் அந்தச் சான்றைக் காட்டி வேறொருவர் வெளியேற்றிய புகை எதனாலும் ஈடுகட்டப்படவில்லை.

ஊகத்தையும் ஒழுங்காகச் செய்யலாமே என்ற எதிர்வாதம் வலுவானது. காக்கப்பட்ட காட்டைப் போலவே மண்ணும் மழையும் சாலையும் உள்ள, ஆனால் திட்டத்துக்கு வெளியே இருக்கும் இன்னொரு காட்டை எடுத்து ஒப்பிடலாம். 2023-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு அதைத்தான் செய்தது. ஆறு நாடுகளில் 26 காட்டுப் பாதுகாப்புத் திட்டங்களை அப்படி ஒப்பிட்டது. பெரும்பாலானவற்றில் காடழிப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. குறைந்தவற்றிலும் திட்டக்காரர்கள் சொன்னதைவிட மிகக் குறைவாகவே குறைந்திருந்தது. ஒப்பிடும் முறை இருக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் அது பின்னோக்கிப் பார்த்துச் சொல்லும் முறை. சான்றுகளோ முன்னோக்கிய ஊகத்தின் மேல் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டன.

இன்னொரு குறையும் இருக்கிறது, கடைசல் முனையின் குறையைப் போன்றது. புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்த கரிமத்தின் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும். மரத்தில் சேர்ந்த கரிமம் ஒரு கோடைத் தீயில் திரும்பி வரலாம். டன் கணக்கு ஒன்றாக இருந்தாலும் காலக் கணக்கு ஒன்றில்லை.

அப்படியானால் காட்டுக்குப் பணம் கொடுப்பதே வீணா என்றால், இல்லை. காட்டைக் காப்பதும் காற்றாலை அமைப்பதும் தம்மளவில் செய்ய வேண்டிய வேலைகள். அவற்றுக்குப் பணம் வர வேண்டும். தவறு பணத்தில் இல்லை, கழித்தலில் இருக்கிறது. கொடுத்ததை நன்கொடை என்று கணக்கில் எழுதி, வெளியேற்றிய நூறு டன்னை நூறு டன் என்றே அறிக்கையில் வைக்கும் நிறுவனம், தீர்க்கரேகையின் ஆதாரத்தைப் படத்தின் ஓரத்தில் அச்சிட்ட அளவையர்களின் வழியில் நடக்கிறது. அதற்குப் பின் வருபவர்கள் அந்த எண்ணை எடுத்துத் தங்கள் கணக்கைத் தொடங்க முடியும். இரண்டையும் கூட்டிக் கழித்து ‘பூஜ்யம்’ என்று மட்டும் அச்சிடும் நிறுவனத்தின் அறிக்கையிலிருந்து யாரும் எதையும் திருத்த முடியாது. கழிக்கப்பட்டது எவ்வளவு என்பதே அதில் இல்லை.